ரத்த நாளம் வெறும் குழாய் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் மாரடைப்பு பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நெஞ்சுவலி வந்தால் வாயுப் பிடிப்பு என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று அது அழுத்திச் சொல்லியிருந்ததை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கட்டுரையோடு அச்சான படமும் அதன் கீழே இருந்த விளக்கமும் ரத்த நாளத்தைச் சமையலறைக் கழிவுநீர்க் குழாயைப் போலக் காட்டின. நாளாக ஆக உள்ளே கொழுப்பு படிகிறது, துளை குறுகுகிறது, ஒருநாள் அடைத்துக்கொள்கிறது என்பதோடு விளக்கம் முடிந்துவிட்டது. மருத்துவக் கல்லூரியில் 31 ஆண்டுகள் மருந்தியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தப் படத்தில் விடுபட்டுப்போன ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். விடுபட்டது சிறிய செய்தியாக இருந்திருந்தால் தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒவ்வொரு ரத்த நாளத்தின் உட்புறத்திலும் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் ஒட்டியிருக்கிறது. எண்டோதீலியம் என்று மருத்துவர்கள் அழைக்கும் அந்த உட்படலம், ஓடும் ரத்தத்துக்கும் நாளத்தின் சுவரில் உள்ள தசைக்கும் நடுவே அமைந்துள்ளது. சுவரில் இருப்பது வரியற்ற தசை. அது இறுகினால் நாளம் சுருங்கும், தளர்ந்தால் விரியும். எப்போது தளர வேண்டும், எவ்வளவு தளர வேண்டும் என்பதைத் தசை தானாக முடிவுசெய்வதில்லை. நரம்புகளும் ஹார்மோன்களும் அதற்குக் கட்டளை அனுப்புகின்றன என்பதை நெடுங்காலமாக அறிந்திருந்தோம். ஆனால் ரத்தத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இந்த மெல்லிய படலமும் நொடிக்கு நொடி அந்தத் தசைக்குத் தளர்வு ஆணை அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்பது 1980 வரை யாருக்கும் தெரியாது. அதுவரை அதைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயப்பூச்சு போன்ற ஒரு வழவழப்பான மேற்பூச்சு என்றே பெரும்பாலோர் கருதிவந்தார்கள்.

அது தெரியவந்த விதத்தை ஆய்வுக்கூடத்தில் நின்று பழகியவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். நான் பணியில் சேர்ந்த காலத்தில் எங்கள் துறையில் கைமோகிராஃப் என்னும் சுழலும் உருளைக் கருவிகள் இருந்தன. வழவழப்பான தாளை உருளையில் சுற்றி, மண்ணெண்ணெய்ச் சுடரின் மேல் பிடித்துக் கரி ஏற்றுவோம். தவளையின் வயிற்றுத் தசையையோ முயலின் குடல் துண்டையோ வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, நூலால் நெம்புகோல் ஒன்றில் கட்டுவோம். தசை சுருங்கும்போது நெம்புகோலின் முனை கரித்தாளைச் சுரண்டி வெள்ளைக் கோடு ஒன்றை மேலே இழுக்கும். பிறகு அந்தத் தாளை அரக்குக் கரைசலில் முக்கிக் கொடியில் உலர்த்துவோம். ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களிடம் நான் ஓயாமல் சொன்ன விதி ஒன்றுதான்: ஒரு மருந்தை முழுவதுமாகக் கழுவி அகற்றி, கோடு பழைய இடத்துக்கு இறங்கிய பின்னரே அடுத்த மருந்தை ஊற்ற வேண்டும். கழுவ மறந்த மாணவரின் தாளை ஏற்க மறுத்து மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறேன். அந்த விதியைத் தவறவிட்டதால்தான் இந்த நூற்றாண்டு வரை பயன்தரும் ஓர் உண்மை வெளிப்பட்டது என்பதைப் பின்னாளில் படித்தறிந்தபோது நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நியூயார்க் நகரின் புரூக்ளினில் உள்ள மாநிலப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ராபர்ட் ஃபர்ச்காட் என்னும் மருந்தியல் பேராசிரியர் பணியாற்றினார். முயலின் பெருந்தமனியைத் திருகுசுருளாக நாடாபோல் வெட்டி, அதைக் கரைசலில் தொங்கவிட்டு மருந்துகளின் விளைவை அளக்கும் முறையை 1950-களில் உலகெங்கும் பரவச் செய்தவர் அவர். அந்த நாடாவின் மேல் அசிடைல்கோலின் என்னும் பொருளைச் சேர்த்தால் தசை சுருங்கியது. இதில் ஒரு முரண் இருந்தது. உயிருள்ள விலங்கின் ரத்தத்தில் அதே அசிடைல்கோலினைச் செலுத்தினால் நாளங்கள் விரிந்து ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். உடலுக்குள் விரியவைக்கும் பொருள் தொட்டியில் சுருங்கவைப்பது ஏன் என்ற வினா ஏறக்குறைய கால் நூற்றாண்டு விடையின்றிக் கிடந்தது.

1978 மே மாதத்தில் அவருடைய ஆய்வுக்கூட உதவியாளர் டேவிட் டேவிட்சன், நாடாவுக்குப் பதிலாகத் தமனியை வளையங்களாக வெட்டி ஒரு சோதனை செய்தார். முதலில் நார்அட்ரினலினால் வளையத்தைச் சுருங்கவைக்க வேண்டும், அதைக் கழுவ வேண்டும், பிறகு அசிடைல்கோலினை ஒத்த கார்பகாலைச் சேர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தரப்பட்டிருந்த முறை. கழுவும் படியை அவர் தவறவிட்டுவிட்டார். முன்பே சுருங்கியிருந்த வளையத்தில் கார்பகால் பட்டதும் அது மேலும் சுருங்காமல் தளர்ந்தது. தளர்வைக் காண வேண்டுமானால் தசை முதலில் இறுகியிருக்க வேண்டும். கழுவியிருந்தால் வளையம் ஏற்கெனவே ஓய்வு நிலைக்கு வந்திருக்கும், தளர்வு கண்ணுக்குத் தெரிந்தே இருக்காது.

இத்தகைய முடிவைப் பிழையான சோதனை என்று குப்பைக் கூடையில் போட்டுவிடுவதுதான் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களின் வழக்கம், நானும் அப்படிப் போட்டவன்தான். அடுத்த மாதம் 62 வயதை எட்டவிருந்த ஃபர்ச்காட் போடவில்லை. வளையம் தளர்கிறது, நாடா சுருங்குகிறது, இரண்டும் ஒரே தமனியின் துண்டுகள் என்னும்போது வேறுபாடு எங்கே என்று தேடினார். நாடாவை வெட்டும்போது அதன் உட்பக்கம் விரலிலோ தாளிலோ உரசிக்கொண்டிருந்தது. அந்த உரசலில் ஒரு செல் தடிமனுள்ள உட்படலம் வழன்று போயிருந்தது. வளையத்தில் அது அப்படியே இருந்தது. வளையத்தின் உட்புறத்தை வேண்டுமென்றே மெல்லத் தேய்த்துப் பார்த்தார்கள், தளர்வு நின்றுபோனது. உட்படலம் இல்லாத துண்டு ஒன்றின் மேல், உட்படலம் உள்ள இன்னொரு துண்டை உட்பக்கம் படுமாறு அடுக்கி வைத்துப் பார்த்தார்கள். படலமற்ற துண்டும் தளர்ந்தது. படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து தசைக்குச் செல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஃபர்ச்காட்டும் ஜான் சவாட்ஸ்கியும் இந்த முடிவுகளை 1980-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்.

அந்தப் பொருள் எது என்று கண்டறிய மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. சில நொடிகளுக்குமேல் தாக்குப்பிடிக்காத ஒன்றைப் பிடித்துவைத்து ஆராய்வது எளிதன்று. அமெரிக்க மருந்தியலாளர் ஃபரித் முராத் 1977-லேயே, நெஞ்சுவலிக்குத் தரப்படும் நைட்ரோகிளிசரின் போன்ற மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளியிட்டே தசையைத் தளர்த்துகின்றன என்று காட்டியிருந்தார். 1986-இல் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியே, உட்படலம் கசியவிடும் பொருளும் அதே வாயுதான் என்ற கருத்தை முன்வைத்தார்கள். 1987-இல் இங்கிலாந்தில் சால்வடோர் மொன்காடாவின் குழுவும், அமெரிக்காவில் இக்னாரோவின் குழுவும் அதை உறுதிசெய்தன. வாகனப் புகையில் இருக்கும் ஒரு வாயுவை நம் உடலின் செல்கள் தாமே உண்டாக்கி, அதையே செய்தியாக அனுப்புகின்றன என்பதை அன்று பலரால் நம்ப முடியவில்லை. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிரிப்பு வாயு நைட்ரஸ் ஆக்சைடு, அது வேறு. பெயர் ஒற்றுமையால் நாளிதழ்களில் இவ்விரண்டும் அடிக்கடி இடம் மாறிவிடுவதால் இங்கே குறிப்பிடுகிறேன். 1998-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் வழங்கப்பட்டது. மொன்காடாவின் பெயர் அதில் இல்லாதது எனக்கு இன்றும் குறையாகவே படுகிறது.

படலத்துக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தம் வேகமாக ஓடும்போது அது உட்படலத்தின் மேல் உராய்கிறது. அந்த உராய்வைச் செல்கள் உணர்ந்துகொள்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் ஒரு நொதி, ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தையும் ஆக்சிஜனையும் கொண்டு நைட்ரிக் ஆக்சைடை உருவாக்குகிறது. வாயு என்பதால் அதற்குக் கதவும் வேண்டியதில்லை, சுமந்து செல்ல ஆளும் வேண்டியதில்லை. செல்லின் சவ்வை ஊடுருவி அடுத்திருக்கும் தசைக்குள் நுழைந்து, அங்கே குவானிலேட் சைக்ளேஸ் என்னும் நொதியின் இரும்பணுவில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த நொதி சைக்ளிக் ஜி.எம்.பி. என்னும் பொருளைப் பெருக்குகிறது. அதன் விளைவாகத் தசைக்குள் கால்சியம் குறைந்து, இறுகியிருந்த இழைகள் பிடியை விடுகின்றன. நடக்கும்போது காலுக்கும், உண்டபின் குடலுக்கும், சிந்திக்கும்போது மூளைக்கும் கூடுதல் ரத்தம் போய்ச்சேர்வதில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு. ரத்தப் பக்கம் கசிந்த வாயுவை ஹீமோகுளோபின் உடனே பற்றி அழித்துவிடுவதால் செய்தி ஊரெல்லாம் பரவாமல் அந்தந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. உட்படலம் வேறு தளர்த்திகளையும், 1988-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட எண்டோதீலின் என்னும் கடுமையான சுருக்கியையும்கூடச் சுரக்கிறது. ஆயினும் பெரிய தமனிகளில் தளர்வுக்குத் தலைமை தாங்குவது நைட்ரிக் ஆக்சைடுதான்.

இது எப்போதாவது நடக்கும் செயலும் அன்று. 1989-இல் லண்டனில் நல்ல உடல்நலம் உள்ளவர்களின் முழங்கைத் தமனியில், இந்த வாயு உருவாவதைத் தடுக்கும் பொருளைச் சிறிதளவு செலுத்திப் பார்த்தபோது, முன்கைக்குப் போகும் ரத்தம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாம் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் உட்படலம் தளர்வை விடாமல் ஊட்டிக்கொண்டிருக்கிறது என்பது இதனால் விளங்குகிறது.

இனி நான் வலியுறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன். 1986-இல் பாஸ்டன் மருத்துவர்கள், இதயத் தமனிகளை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே அவற்றுக்குள் அசிடைல்கோலினைச் செலுத்தினார்கள். பழுதில்லாத தமனிகள் விரிந்தன. கொழுப்புத் திட்டு படிந்த தமனிகள், திட்டு சிறியதாகவே இருந்தாலும், சுருங்கின. புரூக்ளினில் தேய்க்கப்பட்ட முயலின் நாடா எப்படி நடந்துகொண்டதோ, நோயுற்ற மனிதத் தமனியும் அப்படியே நடந்துகொண்டது. அதே நோயாளிகளுக்கு நைட்ரோகிளிசரின் கொடுத்தபோது இருவகைத் தமனிகளும் விரிந்தன. தசை கெட்டுப்போகவில்லை, அதற்கு ஆணையிடும் படலம்தான் கெட்டிருந்தது. 1992-இல் லண்டனில் வேறொரு குழு, கையைப் பட்டையால் சில நிமிடம் இறுக்கிவிட்டுத் திடீரென்று தளர்த்தி, பாயும் ரத்தத்தால் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளந்தது. புகைபிடிப்பவர்களிடமும், குடும்பவழியாக மிகையான கொழுப்பைப் பெற்ற சிறுவர்களிடமும் அந்த விரிவு வெகுவாகக் குறைந்திருந்தது. அந்தச் சிறுவர்களுக்கு அடைப்பு என்று சொல்லும்படி எந்த நோய்க்குறியும் இல்லை. குழாயில் கசடு சேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே படலம் தன் வேலையில் தளர்ந்துவிடுகிறது என்பதைத் தங்கள் பக்கத்தில் வெளியான படம் எந்த வகையிலும் காட்ட முடியாது.

குழாய் என்ற எண்ணத்தால் விளையும் தீங்கைக் கண்முன் பார்த்துவருகிறேன். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாற்றோடு வினிகரும் தேனும் கலந்து காய்ச்சிக் குடித்தால் இதய அடைப்பு கரைந்துவிடும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. படித்தவர்களும் அதை நம்பி, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிடுகிறார்கள். சாக்கடைக் குழாயில் அமிலத்தை ஊற்றினால் அழுக்கு கரைகிறதே என்ற ஒப்புமைதான் அந்த நம்பிக்கைக்கு அடித்தளம். ரத்தக் குழாயைக் கழுவி எடுக்கும் பொருள் என்று ஒன்று இல்லை. உட்படலம் உயிருள்ளது. பீடி, சிகரெட் புகையிலும், கட்டுக்கடங்காத சர்க்கரையிலும் சூப்பராக்சைடு என்னும் பொருள் மிகுந்து, உருவான நைட்ரிக் ஆக்சைடை வழியிலேயே பறித்துக்கொள்கிறது. வேகமாக நடக்கும் ஒவ்வொரு நாளும் ரத்தத்தின் உராய்வு கூடி, நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியின் அளவு பெருகுகிறது. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நாக்கின் பின்புறத்தில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்ற, அதிலிருந்து உடல் இதே வாயுவைச் சிறிதளவு பெறுகிறது. நடையும் கீரையும் நல்லவை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதனால் நல்லவை என்று சொன்னால் கேட்பவர்கள் இன்னும் கருத்தோடு கேட்பார்கள் என்பது வகுப்பறையில் நான் கண்டது.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிப்படி ஏறும்போது என் மூத்த அண்ணனுக்கு நெஞ்சு இறுகியது. சட்டைப் பையில் ஐசோசார்பைட் மாத்திரை இருந்தது; நைட்ரோகிளிசரினைப் போலவே அதுவும் நைட்ரேட் வகை மருந்து. பக்கத்தில் நின்ற உறவினர் அன்போடு தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, அண்ணன் மாத்திரையை நின்றபடியே விழுங்கிவிட்டார். வலி நிற்கவில்லை. பந்தியிலிருந்து நான் ஓடிவந்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மற்றொரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னேன். சில நிமிடங்களில் முகம் தெளிந்தது. பிறகு நேராக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அந்த மாத்திரையைக் கொடுத்தவர்கள் அதை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லவில்லையா, சொன்னது அண்ணன் மனத்தில் பதியவில்லையா என்று எனக்குத் தெரியாது. படலம் அனுப்பத் தவறிய தளர்வு ஆணையைத்தான் அந்த மாத்திரை வெளியிலிருந்து கொண்டுவருகிறது என்பதும், நாக்கின் அடியில் உள்ள மெல்லிய சிரைகள் வழியே அது நேரே இதயத்தை அடைந்துவிடும், விழுங்கினால் முதலில் கல்லீரலுக்குப் போய்ப் பெரும்பகுதி சிதைந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தால் தண்ணீரை வாங்கியிருக்க மாட்டார்.

நைட்ரோகிளிசரினை 1847-இல் கண்டுபிடித்த அஸ்கானியோ சொப்ரேரோ அதைச் சிறிது சுவைத்துப் பார்த்துக் கடுந்தலைவலிக்கு ஆளானார். தலையின் நாளங்கள் விரிந்ததே அந்த வலிக்குக் காரணம். 1879-இல் வில்லியம் மரெல் அதை நெஞ்சுவலிக்கு மருந்தாக்கினார். அந்தப் பொருளைக் கொண்டு டைனமைட் செய்து செல்வம் ஈட்டிய ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் அதை எழுதிக்கொடுத்தார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் தலைவலி வந்து, வாரம் போகப்போக மறைந்துவிடும். உடல் இந்த மருந்துக்கு விரைவில் பழகிவிடுகிறது என்பதற்கு அதுவே சான்று. நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மருத்துவர்கள் நாளில் சில மணி நேரம் இடைவெளி விட்டு எழுதிக்கொடுப்பது இதனால்தான். வேளை தவறிவிட்டதே என்று அந்த இடைவெளியில் தாமாகவே ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொள்பவர்களை நான் அறிவேன்.

கூச்சத்தால் யாரும் வெளியே சொல்லாத ஓர் ஆபத்தையும் எழுதியாக வேண்டும். ஆண்மைக் குறைவுக்குத் தரப்படும் சில்டெனாஃபில், டடலாஃபில் மாத்திரைகள் இதே பாதையில்தான் வேலை செய்கின்றன. நைட்ரிக் ஆக்சைடால் பெருகும் சைக்ளிக் ஜி.எம்.பி. அழிந்துபோகாமல் அவை தடுக்கின்றன. ஒரு பக்கம் நைட்ரேட் மாத்திரை அதைப் பெருக்க, மறுபக்கம் இவை அதன் அழிவைத் தடுக்க, நாளங்கள் அளவுக்கு மீறி விரிந்து ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு வீழ்ந்துவிடும். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. நெஞ்சுவலியோடு வருபவர் இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனைவி மக்கள் உடன் நிற்கும்போது சொல்லத் தயங்குவார் என்பதால், மருத்துவர்களும் செவிலியர்களும் அவரைத் தனியே கேட்பது நல்லது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். மருத்துவப் பக்கத்தில் ரத்தக் குழாய் என்று எழுதுவதைக் கூடியமட்டும் தவிர்த்து, ரத்த நாளம் என்று எழுதலாம். நாளம் என்றால் உள்ளே துளையுள்ள தண்டு, தாமரைத் தண்டுக்கும் அதுவே பெயர். குழாய் என்றதும் இரும்பும் பிளாஸ்டிக்கும் நினைவுக்கு வருகின்றன. தண்டு என்றதும், உயிருள்ள ஒன்று, தன் சுவராலேயே தன்னைக் காத்துக்கொள்வது என்ற எண்ணம் தானாக எழும். அடுத்த முறை இதயக் கட்டுரை வெளியாகும்போது, படத்தில் அந்த உட்படலத்தையும் ஓர் ஓவியர் வரைந்து காட்டினால் போதும், பாதி விளக்கம் அதிலேயே அடங்கிவிடும்.

மற்றொன்று, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பயன்படுத்தும் முறையைக் கட்டம் கட்டி, வீட்டில் கத்தரித்து ஒட்டிவைக்கும் அளவில் வெளியிடுங்கள். உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும், நின்றால் தலைசுற்றி விழ நேரும். விழுங்கக் கூடாது, தண்ணீர் கூடாது. ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். என் அண்ணனைப் போன்றவர்கள் கண்ணாடி இல்லாமலும் படிக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.